மாற்றியும் அணையாத மஞ்சள் விளக்கு

ஆக்சிஜன் சென்சாரை மாற்றினால் போதும் என்கிறது ஒர்க் ஷாப். பில்லைக் கட்டிவிட்டு வந்த மூன்றாம் நாள் டாஷ்போர்டில் மறுபடியும் அதே விளக்கு. கோளாறு பெரும்பாலும் சென்சாரில் இல்லை. தேடும் முறையில்தான் இருக்கிறது.

தில்லியில் காஷ்மீரி கேட், பெங்களூரில் ஜே.சி. ரோடு, கல்கத்தாவில் மல்லிக் பஜார், சென்னையில் புதுப்பேட்டை. கார் உதிரிபாகம் விற்கும் இந்தத் தெருக்களில் ஒரு காலத்தில் கார்புரேட்டர் கிட்டும் பிளாட்டினம் பாயின்ட்டும் கேட்டு வந்தார்கள். இன்று கேட்கப்படும் பொருள்களில் ஒன்று விரல் நீளமே உள்ள, வால் போல நான்கு ஒயர் தொங்கும் ஆக்சிஜன் சென்சார். விலை காருக்குக் கார் மாறும். பெரும்பாலும் சில ஆயிரம் ரூபாய்.

வாங்கிச் செல்பவர்களில் பலருடைய கதை ஒரே மாதிரியானது. காரின் டாஷ்போர்டில் இன்ஜின் வடிவத்தில் ஒரு மஞ்சள் விளக்கு எரிகிறது. மெக்கானிக் ஸ்கேனரைச் செருகுகிறார். திரையில் ஆக்சிஜன் சென்சார் என்ற பெயரோ, அது தொடர்பான ஓர் எண்ணோ வருகிறது. சென்சார் மாற்றப்படுகிறது. ஸ்கேனரில் ஒரு பட்டனை அழுத்தியதும் விளக்கு அணைகிறது. எல்லோருக்கும் திருப்தி. இரண்டு மூன்று நாள் கழித்து விளக்கு திரும்ப எரிகிறது. அடுத்த முறை இரண்டாவது சென்சாரை மாற்றச் சொல்கிறார்கள். அதற்கடுத்த முறை 'கம்ப்யூட்டர் போயிருக்கலாம்' என்ற பேச்சு வருகிறது. டாக்ஸி ஓட்டிப் பிழைப்பவருக்கு இது பணச் செலவு மட்டுமல்ல. வண்டி ஒர்க் ஷாப்பில் நிற்கும் ஒவ்வொரு நாளும் வருமானம் இல்லாத நாள். வங்கித் தவணைக்கோ விடுமுறை கிடையாது.

இந்தச் சுற்றிலிருந்து வெளியே வர விலை உயர்ந்த கருவி தேவையில்லை. சென்சார் என்ன வேலை செய்கிறது, அந்த விளக்கு எதைச் சொல்கிறது, எதைச் சொல்வதில்லை என்று தெரிந்தாலே பாதி வழி கடந்தாகிவிட்டது.

புகையை முகரும் மூக்கு

பெட்ரோல் முழுமையாக எரிய ஒரு கிலோ பெட்ரோலுக்குச் சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். காற்று அதிகமானால் கலவை 'லீன்', பெட்ரோல் அதிகமானால் 'ரிச்' என்பது ஒர்க் ஷாப் மொழி. எரிந்து வெளியேறும் புகையில் எவ்வளவு ஆக்சிஜன் மிச்சமிருக்கிறது என்று பார்த்துச் சொல்வது ஆக்சிஜன் சென்சாரின் வேலை. ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் உருவாக்கிய இந்தச் சென்சார் 1976-இல் வால்வோ கார்களில் முதன்முதலாக விற்பனைக்கு வந்தது.

உள்ளே இருப்பது ஸிர்க்கோனியா என்ற பீங்கான் வகை. அதன் இரு பக்கமும் மெல்லிய பிளாட்டினம் பூச்சு. ஒரு பக்கம் புகை, மறு பக்கம் வெளிக் காற்று. இரண்டிலும் ஆக்சிஜன் அளவு வேறுபடும்போது சிறு மின்னழுத்தம் உண்டாகிறது. கலவை ரிச்சாக இருந்தால் 0.9 வோல்ட் வரை போகும். லீனாக இருந்தால் 0.1 வோல்ட் அளவுக்கு இறங்கும். சுமார் 300 டிகிரி சூடு ஏறினால்தான் இது சரியாக வேலை செய்யும் என்பதால் உள்ளேயே ஒரு குட்டி ஹீட்டரும் உண்டு. நான்கு ஒயர்களில் இரண்டு அந்த ஹீட்டருக்கானவை.

பெரும்பாலான பெட்ரோல் கார்களில் இப்படி இரண்டு சென்சார்கள். முதலாவது கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்கு முன்னால் இருந்து கலவையைக் கண்காணிக்கிறது. அது சொல்வதைக் கேட்டு இன்ஜினின் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டுகிறது, குறைக்கிறது. இரண்டாவது, கன்வர்ட்டருக்குப் பின்னால். கன்வர்ட்டர் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பரீட்சை வைப்பது இதன் முக்கிய வேலை. இரண்டின் பணியும் வேறு. இதைப் பிரித்துப் பார்க்காததிலிருந்துதான் பல தவறுகள் தொடங்குகின்றன.

ஈயத்திலிருந்து எண்ணுக்கு

இந்திய சாலைகளில் இந்த ஏற்பாடு படிப்படியாக நுழைந்தது. 1995 ஏப்ரலில் தில்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்குக் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் கட்டாயமாயிற்று. ஈயம் கலக்காத பெட்ரோலும் அப்போதுதான் அங்கே வந்தது. கன்வர்ட்டருக்கும் சென்சாருக்கும் ஈயம் விஷம். நாடு முழுவதும் ஈயம் கலக்காத பெட்ரோல் கிடைத்தது 2000 பிப்ரவரியில். கார்புரேட்டர் விடைபெற்று, பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்களும் அவற்றை ஆட்டுவிக்கும் கம்ப்யூட்டரும் வந்தன.

பாரத் ஸ்டேஜ் நான்கு விதிகளுக்கு உட்பட்ட கார்களில் 2010 ஏப்ரல் முதல் தன்னைத் தானே சோதித்துக்கொள்ளும் ஓ.பி.டி. அமைப்பின் முதல் கட்டமும், 2013 ஏப்ரல் முதல் இரண்டாம் கட்டமும் கட்டாயமாயின. 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் ஆறு வந்தபோது ஸ்கூட்டர், மோட்டார் சைக்கிள்களும் பெருமளவில் இன்ஜெக்டருக்கும் ஆக்சிஜன் சென்சாருக்கும் மாறின. ஆக, மஞ்சள் விளக்கு இன்று பணக்காரர் கவலை மட்டுமல்ல. பழைய கார் வாங்கியவர், சரக்கு வேன் ஓட்டுபவர், வீட்டுக்கு வீடு உணவு கொண்டுபோகும் இளைஞர் எல்லோருக்கும் அது பொது.

மூன்றாம் நாள் மர்மம்

விளக்கு உடனே திரும்பாமல் இரண்டு மூன்று நாள் கழித்து ஏன் வருகிறது? அப்படியானால் இடையில் கோளாறு சரியாகத்தானே இருந்திருக்க வேண்டும்? இல்லை.

புகை தொடர்பான பெரும்பாலான கோளாறுகளைக் கம்ப்யூட்டர் ஒரே தடவை பார்த்தவுடன் விளக்கைப் போடுவதில்லை. முதல் ஓட்டத்தில் பார்த்ததைக் குறித்து வைத்துக்கொள்கிறது. அடுத்த ஓட்டத்திலும் அதையே பார்த்தால்தான் விளக்கு. ஓட்டம் என்றால் இன்ஜினைக் கிளப்பி, சூடேற்றி, குறிப்பிட்ட வேகங்களில் ஓட்டி நிறுத்துவது. கன்வர்ட்டர் போன்றவற்றைச் சோதிக்கச் சீரான வேகத்தில் சிறிது நேரம் ஓட வேண்டும். நெரிசலில் ஊர்ந்தே ஆபீஸ் போய் வரும் காருக்கு அந்தச் சந்தர்ப்பம் கிடைக்கவே சில நாள் ஆகலாம்.

ஸ்கேனரால் எண்ணை அழித்தாலும் பேட்டரி ஒயரைக் கழற்றினாலும் நடப்பது ஒன்றுதான்: கம்ப்யூட்டர் தன் குறிப்பேட்டை மறந்துவிட்டு முதலிலிருந்து தொடங்குகிறது. கரும்பலகையை அழித்ததால் கணக்குச் சரியாகிவிடாது. எனவே, விளக்கு அணைந்ததை வைத்து ரிப்பேர் வெற்றி என்று முடிவு செய்யக்கூடாது. கோளாறு நிஜமாகவே தீர்ந்திருந்தால் யாரும் அழிக்காமலே, தொடர்ந்து மூன்று ஓட்டங்களில் தவறு தென்படாதபோது, விளக்கு தானாக அணையும்.

எண் சொல்வது என்ன?

ஸ்கேனர் காட்டும் எண்களை மெக்கானிக்குகள் பலர் தீர்ப்பாக எடுத்துக்கொள்கிறார்கள். அவை தீர்ப்பல்ல, புகார் மனு. யார் மேல் புகார் என்பதையும் கவனமாகப் படிக்க வேண்டும். அடிக்கடி வரும் சில:

பி 0135, பி 0141: முதல், இரண்டாம் சென்சார்களின் ஹீட்டர் சர்க்யூட்டில் பழுது. சென்சாரின் உள்ளே ஹீட்டர் அறுந்திருக்கலாம். ஃபியூஸ், ரிலே, ஒயர், கனெக்டர் ஆகியவற்றில் ஏதாவது ஒன்றாகவும் இருக்கலாம்.

பி 0133: முதல் சென்சார் மெதுவாகப் பதில் சொல்கிறது. இங்கே சென்சார் கிழடாகியிருக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஆனால் புகைக்குழாய்க் கசிவும் இதே தோற்றத்தைத் தரும்.

பி 0171: கலவை லீன். பி 0172: கலவை ரிச். இங்கே சென்சார் குற்றவாளி அல்ல, பெரும்பாலும் சாட்சி. இன்ஜினில் உண்மையிலேயே காற்றோ பெட்ரோலோ அதிகமாகிறது என்று அது சொல்கிறது.

பி 0300 முதல்: சிலிண்டரில் மிஸ்ஸிங். பிளக், காயில், இன்ஜெக்டர் பக்கம் பார்க்க வேண்டும்.

பி 0420: கன்வர்ட்டர் போதிய அளவு வேலை செய்யவில்லை. இதற்குப் பின் சென்சாரை மாற்றுவதுதான் நாட்டில் மிக அதிகமாக நடக்கும் வீண் செலவாக இருக்கக்கூடும். பையன் பரீட்சையில் தோற்றான் என்பதற்காக வாத்தியாரை மாற்றினால் மார்க் ஏறாது.

கசியும் காற்று

முதல் சந்தேகம் காற்றின் மீது விழ வேண்டும். இன்ஜினுக்குள் போகும் வழியில், காற்றை அளக்கும் இடத்துக்கு அப்பால், ஒரு ரப்பர் ஹோஸ் வெடித்திருந்தாலோ இன்டேக் மேனிஃபோல்டு கேஸ்கெட் தளர்ந்திருந்தாலோ கணக்கில் வராத காற்று உள்ளே நுழைகிறது. கலவை லீனாகிறது. சென்சார் உண்மையைச் சொல்கிறது. புதிய சென்சாரும் அதே உண்மையைத்தான் சொல்லும்.

வெளியேறும் வழியிலும் கசிவு உண்டு. புகைக்குழாயின் ஜாயின்ட்டில் ஓட்டை இருந்தால் புகை வெளியே வருவது மட்டுமே நடக்கும் என்று நினைக்கிறோம். புகை விட்டுவிட்டு அடியடியாகப் போவதால் இடைப்பட்ட நேரத்தில் வெளிக் காற்று உள்ளேயும் இழுக்கப்படுகிறது. சென்சார் அந்த ஆக்சிஜனைப் பார்த்து 'லீன்' என்கிறது. கம்ப்யூட்டர் அதை நம்பிப் பெட்ரோலைக் கூட்டுகிறது. மைலேஜ் குறைகிறது, தேவையில்லாத பெட்ரோல் கன்வர்ட்டரில் போய் எரிந்து அதைச் சூடாக்குகிறது. பழைய சென்சாரைக் கழற்றும்போது முறுக்கி உலுக்கிய வேகத்தில் துருப்பிடித்த ஜாயின்ட் புதிதாகக் கசியத் தொடங்குவதும் உண்டு.

மிஸ்ஸிங் ஆகும் சிலிண்டரும் இதே நாடகத்தை ஆடும். பெட்ரோல் எரியாதபோது அதற்கான ஆக்சிஜனும் எரியாமல் வெளியேறுகிறது. சென்சாருக்குத் தெரிவது ஆக்சிஜன் மட்டுமே. மீண்டும் 'லீன்', மீண்டும் கூடுதல் பெட்ரோல்.

எலியும் மழையும்

இந்தியக் கார்களுக்கு இன்னும் இரண்டு எதிரிகள் உண்டு. தெருவோரம் நிறுத்திய காரின் கதகதப்பான இன்ஜின் அறை எலிக்குப் பிடித்த இடம். ஒயரின் மேலுறை அதன் பல்லுக்குப் பிடித்த பொருள். சென்சார் ஒயரின் ஓர் இழை அறுந்திருந்தால் புதிய சென்சார் போட்டுப் பயனில்லை. மழைக்காலத்தில் சாலையில் தேங்கும் நீரைக் கடந்த காரில் பின் சென்சாரின் கனெக்டருக்குள் தண்ணீர் புகுந்து பச்சை பூத்திருக்கும். சென்சாரை மாற்றும்போது ஒயரைப் பழைய கிளிப்பில் மாட்டாமல் தொங்கவிட்டால் அது சூடான குழாயில் பட்டு உருகும். மூன்றாம் நாள் திரும்பும் விளக்குக்கு இது மிக எளிய விளக்கம்.

சோதிப்பதும் எளிது. இன்ஜின் ஓடும்போது கனெக்டரில் ஹீட்டருக்கான மின்சாரம் பேட்டரி அளவுக்கு வருகிறதா என்று மல்ட்டிமீட்டரில் பார்க்கலாம். வராவிட்டால் ஃபியூஸிலிருந்து தொடங்க வேண்டும். சில ரூபாய் ஃபியூஸுக்காகச் சில ஆயிரம் ரூபாய் சென்சாரை மாற்றியவர்கள் எண்ணிக்கை குறைவாக இருக்காது.

சென்சாரே தவறானால்

புதிதாகப் போட்டதாலேயே ஒரு பொருள் சரியானது என்று ஆகிவிடாது. முன் சென்சாரும் பின் சென்சாரும் பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும். மறை அளவும் ஒன்றே. ஆனால் ஒயர் நீளமும் ஹீட்டரின் திறனும் வேறாக இருக்கலாம். சில புதிய கார்களில் முன்னால் இருப்பது 'ஏர் ஃப்யூயல்' சென்சார் என்ற மேம்பட்ட வகை. அதன் இடத்தில் சாதாரண வகையை மாட்டினால் கம்ப்யூட்டருக்கு அதன் பேச்சே புரியாது. ஆகவே, காரின் மாடல் பெயரை மட்டும் சொல்லி வாங்கக்கூடாது. பழைய சென்சாரின் உடலில் அச்சிட்ட எண்ணைப் பார்த்து வாங்க வேண்டும்.

'யுனிவர்சல்' என்று விற்கப்படும் சென்சாரில் பழைய கனெக்டரை வெட்டி ஒட்ட வேண்டியிருக்கும். பல சென்சார்கள் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான வெளிக் காற்றை ஒயரின் இழைகளுக்கு இடையிலுள்ள நுண்ணிய வழியாகவே உறிஞ்சுகின்றன. ஈயப் பற்று வைத்து அந்த வழியை அடைத்தால் சென்சாருக்கு மூச்சு முட்டும். ஒயரின் நிறங்களும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். இதோடு போலிப் பாகங்கள். அசல் அட்டைப் பெட்டிக்குள் யாருடையதோ சரக்கு. பில் தர மறுக்கும் கடையில் கிடைக்கும் தள்ளுபடி, பின்னால் வட்டியோடு வசூலாகிவிடும்.

மாட்டும் விதத்திலும் கவனம் வேண்டும். மறை இறுகிப்போகாமல் இருக்கத் தடவும் பசை பல புதிய சென்சார்களில் முன்கூட்டியே பூசப்பட்டிருக்கும். கூடுதலாகத் தடவி, அது நுனியில் பட்டால் சென்சார் பிறக்கும்போதே நோயாளி.

மெல்லக் கொல்லும் விஷம்

புதிய சென்சார் சில மாதங்களில் மறுபடியும் சாகிறது என்றால் அதைக் கொல்வது யார் என்று கேட்க வேண்டும். பிஸ்டன் ரிங் தேய்ந்து இன்ஜின் ஆயில் எரிந்தால் அதிலுள்ள பாஸ்பரஸ் சென்சாரின் மேல் படிகிறது. ஹெட் கேஸ்கெட் கசிந்து கூலன்ட் உள்ளே போனால் அதிலுள்ள சிலிக்கான் சேர்மங்கள் படிகின்றன. ஒர்க் ஷாப்பில் கேஸ்கெட்டுக்குப் பதிலாகத் தாராளமாகப் பிதுக்கும் சாதாரண சிலிக்கோன் பசையின் ஆவியும் அதே வேலையைச் செய்யும். இதற்காகவே 'சென்சாருக்குத் தீங்கற்றது' என்று குறித்த பசைகள் தனியாக விற்கப்படுகின்றன.

கழற்றிய பழைய சென்சாரைத் தூக்கி எறியாமல் அதன் நுனியைப் பார்க்கச் சொல்லுங்கள். கறுப்புக் கரி என்றால் கலவை ரிச். வெள்ளைப் பொடி போன்ற படிவு என்றால் சிலிக்கான் அல்லது கூலன்ட் மீது சந்தேகம். எண்ணெய்ப் பிசுக்கோடு பழுப்பு என்றால் ஆயில். இறந்தவரின் உடல் மரணத்தின் காரணத்தைச் சொல்வதுபோல அது சொல்லும்.

கன்வர்ட்டரும் இதே விஷங்களாலும் சூட்டாலும்தான் பெரும்பாலும் சாகிறது. அதற்குள் பிளாட்டினம், பலேடியம், ரோடியம் என்ற விலைமதிப்புள்ள உலோகங்கள் இருப்பதால் மாற்றும் செலவு சென்சாரைப் போலப் பல மடங்கு. அந்த உலோகங்களுக்காகவே சைலன்சரோடு திருடப்படுவதும், உள்ளிருக்கும் தேன்கூட்டை எடுத்துவிட்டு வெற்று ஓடாகப் பொருத்தப்படுவதும் நடக்கின்றன. செகண்ட் ஹாண்ட் காரில் பி 0420 விடாமல் வந்தால், கன்வர்ட்டருக்குள் ஏதாவது இருக்கிறதா என்றே முதலில் பார்க்க வேண்டும்.

காஸும் எத்தனாலும்

தில்லி, மும்பை, குஜராத் நகரங்களின் டாக்ஸிகளில் சி.என்.ஜி. சர்வ சாதாரணம். கம்பெனியிலேயே பொருத்தி வரும் காரில் கம்ப்யூட்டர் இரு எரிபொருளுக்கும் தயாராக இருக்கிறது. வெளியே பொருத்திய கிட்டில் பெட்ரோல் கம்ப்யூட்டர் சொல்லும் அளவை காஸ் கம்ப்யூட்டர் மொழிபெயர்த்துக் காஸை விடுகிறது. மொழிபெயர்ப்பு பிழையானால் பெட்ரோல் கம்ப்யூட்டர் குழம்பி லீன் அல்லது ரிச் என்று புகார் எழுதும். கண்டுபிடிக்க ஒரு வழி: எண்ணை அழித்துவிட்டுச் சில நாள் பெட்ரோலில் மட்டுமே ஓட்டுங்கள். விளக்கு வராவிட்டால், காஸுக்கு மாறியதும் வந்தால், போக வேண்டிய இடம் சென்சார் கடை அல்ல, கிட்டை டியூன் செய்பவரிடம்.

பெட்ரோலும் பழைய பெட்ரோல் இல்லை. 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் அறிமுகமாகி, 2025-க்குள் நாடு முழுவதும் பரவிவிட்டது. எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால் இந்தக் கலவை முழுமையாக எரியச் சுமார் 13.5 பங்கு காற்றே போதும். கம்ப்யூட்டர் அதற்கு ஈடாகத் தெளிக்கும் அளவைக் கூட்டிக்கொள்கிறது. ஆரோக்கியமான இன்ஜினில் இதனால் மட்டும் விளக்கு எரிய வேண்டியதில்லை. ஆனால் சிறு காற்றுக் கசிவோ அடைத்த ஃபில்டரோ உள்ள பழைய காரில் எல்லாம் சேர்ந்து எல்லையைத் தாண்டும். முன்பு மறைந்திருந்த நோய் இப்போது வெளியே தெரிகிறது.

எங்கே தொடங்குவது?

ஓ.பி.டி. அமைப்புள்ள கார்களில் ஸ்டியரிங்குக்குக் கீழே அல்லது அருகில் 16 பின் கொண்ட சாக்கெட் இருக்கும். அதில் செருகி செல்போனில் படிக்கக்கூடிய சிறு கருவிகள் சில நூறு ரூபாயிலிருந்தே கிடைக்கின்றன. இந்த வரிசையில் போனால் வீண் செலவு குறையும்.

ஒன்று: எண்ணை அழிப்பதற்கு முன் எழுதி வையுங்கள். கோளாறு பதிவான நொடியில் வேகம், சூடு, லோடு எவ்வளவு என்ற விவரத்தையும் கம்ப்யூட்டர் சேமித்திருக்கும். 'ஃப்ரீஸ் ஃபிரேம்' என்று பெயர். அழித்தால் அதுவும் போய்விடும்.

இரண்டு: பழைய எண்ணும் புதிய எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். ஹீட்டர் எண் போய் லீன் எண் வந்திருந்தால் முதல் ரிப்பேர் சரி. இது இரண்டாவது கோளாறு.

மூன்று: 'ஃப்யூயல் ட்ரிம்' என்ற எண்களைப் பாருங்கள். கம்ப்யூட்டர் எத்தனை சதவீதம் பெட்ரோலைக் கூட்டுகிறது, குறைக்கிறது என்பதன் கணக்கு அது. கூட்டலிலோ கழித்தலிலோ 10-க்குள் இருந்தால் பொதுவாகக் கவலை இல்லை. நிற்கும்போது அதிகமாகவும் 2,500 சுற்றில் குறைவாகவும் இருந்தால் காற்று உள்ளே கசிகிறது. வேகமும் லோடும் ஏற ஏற இதுவும் ஏறினால் பெட்ரோல் பம்ப், ஃபில்டர், காற்றளவு சென்சார் பக்கம் போக வேண்டும்.

நான்கு: குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பி, புகைக்குழாய் ஜாயின்ட்டுகளில் 'டிக் டிக்' என்ற ஓசையும் கரித் தடமும் உண்டா என்று தேடுங்கள். இன்டேக் பக்கத்துக்கு ஒர்க் ஷாப்பில் புகை செலுத்திப் பார்க்கும் சோதனை நல்லது. சூடான இன்ஜினில் தீப்பிடிக்கும் ஸ்பிரே அடித்துப் பார்க்கும் வழக்கம் ஆபத்தானது.

ஐந்து: ஒயர், கனெக்டர், ஃபியூஸ், ஹீட்டர் மின்சாரம்.

ஆறு: இரு சென்சார்களின் வோல்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இன்ஜின் நன்றாகச் சூடான பின் முன் சென்சார் ஏறி இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும். பின் சென்சார் ஏறக்குறைய நிலையாக நிற்க வேண்டும். பின்னதும் முன்னதைப் போலவே துள்ளினால் கன்வர்ட்டர் முடிந்த கதை. முன்னால் இருப்பது 'ஏர் ஃப்யூயல்' வகையாக இருந்தால் அதன் வோல்ட் வேறு மாதிரி இருக்கும். பின் சென்சாரை மட்டும் கவனியுங்கள்.

ஏழு: இவ்வளவும் சரியாக இருந்தால் மட்டும் புதிய சென்சார்.

விளக்கு நிலையாக எரிந்தால் சில நாளுக்குள் காட்டினால் போதும். மினுமினுத்தால் கதை வேறு. கடுமையான மிஸ்ஸிங் நடக்கிறது, எரியாத பெட்ரோல் கன்வர்ட்டரை உருக்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். வேகத்தைக் குறைத்து, பாதுகாப்பான இடத்தில் நிறுத்துவதே சிக்கனம்.

குறுக்கு வழிகள்

சென்சாருக்கும் குழாய்க்கும் இடையில் ஒரு துண்டை வைத்துக் கன்வர்ட்டர் நன்றாக இருப்பதாகக் கம்ப்யூட்டரை ஏமாற்றலாம். மென்பொருளில் அந்தச் சோதனையையே நீக்கிவிடுபவர்களும் உண்டு. பழைய காரை விற்கும் முன் பல்பையே கழற்றிவிடுபவர்கள் இன்னும் சாமர்த்தியசாலிகள். சாவியைத் திருப்பியதும் இன்ஜின் கிளம்பும் முன் அந்த விளக்கு ஒரு தடவை எரிய வேண்டும். எரியாவிட்டால் பழைய கார் வாங்குபவர் உஷாராக வேண்டும்.

இது சொந்தப் பணத்தோடு நின்றுவிடும் விஷயமுமல்ல. நல்ல கன்வர்ட்டர் கார்பன் மோனாக்சைடையும் எரியாத ஹைட்ரோகார்பனையும் நைட்ரஜன் ஆக்சைடுகளையும் பெருமளவு அடக்குகிறது. செத்த கன்வர்ட்டரோடு ஓடும் கார், கன்வர்ட்டர் வருவதற்கு முந்தைய காலத்துக்குத் திரும்பிவிட்ட கார். குளிர்காலத் தில்லியில் மூச்சுத் திணறும் குழந்தைக்கு இந்தக் கணக்கு புரியாது. விளைவு மட்டும் புரியும். பாரத் ஸ்டேஜ் நான்கும் அதற்குப் பிந்தையதுமான பெட்ரோல் கார்களின் புகைச் சோதனையில் இன்ஜினை 2,500 சுற்றுக்கு ஏற்றிக் காற்று-எரிபொருள் விகிதமும் பார்க்கப்பட வேண்டும் என்பது விதி. ஒழுங்காக நடத்தப்பட்டால் பல ஏமாற்றுகள் அங்கேயே பிடிபடும். புகை விதியை மீறினால் 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி 10,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம்.

யார் பொறுப்பு?

மெக்கானிக்கை மட்டும் குறை சொல்வது நியாயமல்ல. கோளாறைத் தேட ஆகும் இரண்டு மணி நேரத்துக்குப் பணம் கேட்டால் வாடிக்கையாளர் முகம் சுளிக்கிறார். பாகத்தை மாற்றிவிட்டுக் கேட்டால் மறுபேச்சில்லாமல் தருகிறார். கையில் ஒரு பொருள் வந்தால்தான் கொடுத்த பணத்துக்கு மதிப்பு என்ற நினைப்பு நமக்கு. அதனால் மெக்கானிக்கும் தேடுவதை விட்டு மாற்றுவதைக் கற்றுக்கொள்கிறார். சோதனைக்கு ஐந்நூறோ ஆயிரமோ தரத் தயங்குபவர், தேவையில்லாத இரண்டு சென்சாருக்கு அதைப்போலப் பல மடங்கு தந்துவிடுகிறார்.

எனவே ஒர்க் ஷாப்பில் சில கேள்விகள் கேளுங்கள். என்ன எண் வந்தது? அந்த எண்ணுக்கு வேறு என்ன காரணங்கள் இருக்கலாம், அவற்றை எப்படி ஒதுக்கினீர்கள்? பழைய பாகத்தைத் தருவீர்களா? விளக்கு ஒரு மாதத்துக்குள் அதே எண்ணோடு வந்தால் என்ன செய்வீர்கள்? நேர்மையான மெக்கானிக்குக்கு இந்தக் கேள்விகள் கோபத்தைத் தராது. பதிலை பில்லிலேயே எழுதி வாங்கினால் இன்னும் நல்லது.

எழுத்தில் இருந்தால் சட்டமும் துணை வரும். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பொருளுக்கு மட்டுமல்ல, குறைபாடான சேவைக்கும் பொருந்தும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பழுது பார்க்கும் உரிமைக்காக மத்திய அரசு 2022 டிசம்பரில் தொடங்கிய ஏற்பாட்டில் மோட்டார் வாகனத் துறையும் சேர்க்கப்பட்டிருக்கிறது. சர்வீஸ் தகவல்களும் அசல் பாகங்களும் தெருமுனை மெக்கானிக்குக்கும் எட்ட வேண்டும் என்பதே அதன் நோக்கம். அது எவ்வளவு நிறைவேறுகிறதோ அவ்வளவுக்கு அவர் ஊகத்தால் அல்லாமல் அறிவால் வேலை செய்வார்.

அதுவரை ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். மெக்கானிக்கிடம் போய் 'சென்சாரை மாற்றுங்கள்' என்று சொல்லாதீர்கள். 'ஏன் எரிகிறது என்று கண்டுபிடியுங்கள், அதற்குக் கூலி தருகிறேன்' என்று சொல்லுங்கள்.